ஆட்டத்தில் அவனுக்கும் ஓர் இடம்

இவ்வாண்டு மலருக்கும் ஒரு கட்டுரை வேண்டும் என்று பதிப்பாசிரியர் கேட்டபோது, வழக்கம்போல் இலக்கியம் ஒன்றைப் பற்றி எழுதித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். சென்ற இரண்டு ஆண்டும் அப்படித்தான் செய்தேன். யாரும் குறை சொல்லவில்லை. யாரும் படிக்கவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். ஆனால் இவ்வாண்டு என் நெஞ்சில் ஒரு பாரம் இருக்கிறது. அதை இறக்கி வைக்க இந்தப் பக்கங்களை விடச் சிறந்த இடம் எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால், நான் தவறு செய்ததும் நம் மன்றத்துத் தோழன் ஒருவனுக்கே.

இரவு உணவு முடிந்ததும் நம்மில் பலர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இணையத்தில் விளையாடுகிறோம். இதை மறைப்பானேன்? விடுதிக் காப்பாளர் அறிவார். நம் பெற்றோர் மட்டுமே அறியார். சென்ற ஆண்டு நாங்கள் தமிழ் மாணவர் எண்மர் ஒரு குழு அமைத்தோம். கோவையிலிருந்து வந்தவர் இருவர், நெல்லையிலிருந்து இருவர், புதுச்சேரியிலிருந்து ஒருவர், இப்படி. தலைநகரின் குளிரில் போர்வைக்குள் முடங்கிக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தாய்மொழியில் கத்திக்கொண்டு விளையாடுவது ஒரு தனி இன்பம். வகுப்பில் நாள் முழுதும் ஆங்கிலமும் இந்தியும் பேசி அலுத்த நாவுக்கு அதுவே ஓய்வு.

அந்த விளையாட்டின் பெயர் இங்கே வேண்டா. அதன்மேல் எனக்குச் சில குறைகள் உண்டு. ஆனால் பெருங்குறை என்மேல்தான். எட்டுப் பேரும் ஒரு கோட்டைக்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் அரக்கனை வீழ்த்த வேண்டும். ஒருவர் முன்னே நின்று அடியைத் தாங்குவார். ஒருவர் காயம்பட்டவர்க்கு உயிர் ஊட்டுவார். மற்றவர் தாக்குவர். இந்தக் குழுவுக்கு நான் தலைவன். எட்டுப் பேர் மேல் உள்ள அதிகாரமானாலும் அதிகாரம் தலைக்கு ஏறத்தான் செய்கிறது!

எங்களுள் இளையவன் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த முதலாண்டு மாணவன். அவனை எல்லாரும் ‘தம்பி’ என்றே அழைப்போம். நல்ல பையன். சிரித்த முகம். ஒன்றைப் பேசத் தொடங்கி மூன்றாவதில் முடிப்பான். அறைச் சாவியைத் தொலைத்துவிட்டு நடைவழியில் உட்கார்ந்திருப்பான். கேட்டால், “எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறேன் அண்ணே” என்பான்.

அரக்கனோடு நடக்கும் போரில் மூன்றாம் கட்டம் கடினமானது. அவன் கர்ஜித்தவுடன் ஒவ்வொருவர் தலைமேலும் ஒரு நிறம் தோன்றும். அந்த நிறத்துத் தூணின் கீழே ஐந்து நொடிக்குள் போய் நிற்க வேண்டும். ஒருவர் தவறினாலும் எண்மரும் மடிவோம். அதே நேரத்தில் திரையின் ஓரத்தில் எழுத்துக்கள் ஓடும். நடுவில் எண்கள் பறக்கும். இசை முழங்கும். காதிலோ ஏழு பேரின் குரல். தம்பி தவறான தூணுக்குப் போவான். அல்லது போகாமலே நிற்பான். பதினோர் இரவுகள் இப்படியே சென்றன. பன்னிரண்டாம் இரவு நான் ஒரு பொத்தானை அழுத்தி அவனைக் குழுவிலிருந்து நீக்கினேன். அத்தோடு நின்றேனா? “அலட்சியக்காரர்களுக்கு இங்கே இடமில்லை” என்று எல்லாரும் காண எழுதியும் வைத்தேன். அவன் அறை என் அறையிலிருந்து மூன்றாவது அறை. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் காலை மெஸ்ஸில் பராத்தாத் தட்டோடு அவன் வேறு மேசைக்குப் போனான். அவ்வாண்டுப் பொங்கல் விழாவில் பறை அடிக்க ஒப்புக்கொண்டிருந்தவன், விழாவுக்கே வரவில்லை. ‘சின்னப் பிள்ளைக் கோபம், தானே தீரும்’ என்று நான் இருந்துவிட்டேன்.

பிப்ரவரியில் ஒருநாள் என் அறைக் கதவு தட்டப்பட்டது. தம்பி நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு தாள். தேர்வுக் கட்டணம் செலுத்தும் கடைசி நாளைத் தவறவிட்டு, அபராதத்தோடு கட்டியிருந்தான். அவனுடைய பேராசிரியர் ஒருவர் கடிந்துகொள்ளாமல், மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்கும்படி சொல்லி அனுப்பியிருந்தார்.

“கூட வருகிறீர்களா அண்ணே? தனியாகப் போனால் வழியில் வேறெதையாவது பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன்” என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. இத்தனைக்குப் பிறகும் என்னிடமே வந்தானே என்பதுதான் என் நெஞ்சைச் சுட்டது.

மருத்துவர் ஒரே நாளில் முடிவு சொல்லவில்லை. இந்தக் குறைபாட்டின் அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதனால் பள்ளிக் காலத்துச் செய்திகள் தேவை என்றார். தம்பியின் தாயார் பழைய மதிப்பெண் அட்டைகளைப் படம் எடுத்துக் கைப்பேசியில் அனுப்பினார். காத்திருந்த வேளையில் அவற்றை நானும் பார்த்தேன். இரண்டாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை ஆசிரியர்கள் மாறியிருக்கிறார்கள், கையெழுத்து மாறியிருக்கிறது, குறிப்பு மட்டும் மாறவில்லை. “கெட்டிக்காரன், ஆனால் அலட்சியம்.” நான் எழுதிய அதே சொல்! அவன் ஏழு வயது முதல் கேட்டு வந்த சொல்லை, அவன் தேடி வந்த ஒரே பொழுதுபோக்கிலும் கொண்டுபோய் நான் வைத்திருக்கிறேன்.

ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர் சொன்னார். கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு என்று தமிழில் கூறுவர். இது நேற்றுப் பிறந்த நாகரிகம் அன்று. கவனம் நிலைகொள்ளாத நிலையை ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். நம் ஊரில்தான் இதற்கு இன்னும் ‘அலட்சியம்’, ‘துடுக்கு’, ‘அடங்காப்பிடாரி’ என்ற பெயர்களே வழங்குகின்றன.

திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் நின்றோம். நான் மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

“நான் கவனிக்கவில்லை என்று நினைத்தீர்கள் அண்ணே. நான் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தேன். தூணின் நிறம் தெரிந்தது. ஓரத்தில் ஓடிய எழுத்தும் தெரிந்தது. நீங்கள் கத்தியது கேட்டது. பக்கத்து அறையில் கதவு சாத்தியதும் கேட்டது. எல்லாம் ஒரே சத்தத்தில் கேட்டன. எதை முதலில் எடுப்பது என்றுதான் தெரியவில்லை.”

கவனம் அவனிடம் இல்லாமல் இல்லை. அதைத் திருப்பும் கடிவாளம்தான் கைக்கு எட்டவில்லை. “பிடித்ததென்றால் நான்கு மணி நேரம் அசையாமல் உட்காருகிறானே, இது என்ன நோய்?” என்று விடுதியில் சிலர் கேட்டதுண்டு. நானும் கேட்டவனே. அதே கடிவாளம் இல்லாமைதான் அதற்கும் காரணம். உடனுக்குடன் பயன் தரும் ஒன்றில் மனம் பிடித்துக்கொண்டால், அதிலிருந்து பிரித்தெடுப்பதும் அவனுக்கு அவ்வளவே கடினம்.

நான் கணினித் துறை மாணவன். நாளை மென்பொருள் எழுதிப் பிழைக்கப் போகிறவன். ஆகவே அன்று இரவே, இணைய விளையாட்டுக்களை அமைப்பவர்கள் இத்தகையோரைப் பற்றி எண்ணியிருக்கிறார்களா என்று தேடத் தொடங்கினேன். எண்ணியிருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் ஆடுபவர்கள் எண்ண வைத்த பிறகே எண்ணியிருக்கிறார்கள்.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அது 2004இல் வெளிவந்தது. தொடக்கத்தில் அதன் பெரும் போர்களில் நாற்பது பேர் வரை சேர்ந்து போரிடுவர். எட்டுப் பேரின் கூச்சலிலேயே தம்பி திணறினான் என்றால், நாற்பது பேரின் நடுவே அவனைப் போன்றோர் என்ன பாடுபட்டிருப்பர்! எந்த வேலைக்கு எங்கே போக வேண்டும் என்பதை நீண்ட உரைகளைப் படித்து ஆடுபவரே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பொறுக்கமாட்டாத ஆட்டக்காரர்கள், போக வேண்டிய இடத்தைக் காட்டும் துணை நிரல்களைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். அரக்கன் அடுத்து என்ன செய்யப் போகிறான் என்று எச்சரிக்கும் நிரல்களையும் எழுதினார்கள். 2009இல் அந்த நிறுவனம் வேலைகளின் இடங்களைத் தன் வரைபடத்திலேயே குறித்துக் காட்டத் தொடங்கியது. 2025இல், அடுத்து எந்தத் திறனைப் பயன்படுத்துவது நல்லது என்று ஒளியூட்டிக் காட்டும் வசதியையும் சேர்த்தது. வேண்டியவர் வைத்துக்கொள்ளலாம்; வேண்டாதவர் அணைத்துவிடலாம்.

2019இல் வந்த ‘அபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ வேறொரு வழி காட்டிற்று. அதில் மூவர் மூவராக ஆடுவர். எதிரியையோ பொருளையோ நோக்கி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அது இருக்கும் இடத்தில் ஒரு குறி தோன்றும். அது இன்னதென்று கூட்டாளிகளுக்குத் தெரியும். இதற்குப் ‘பிங்’ என்று பெயர். குரலால் சொன்னது காற்றோடு போய்விடும். குறியோ சிறிது நேரம் திரையில் நிற்கும். ஒரு கணம் கவனம் வழுவியவனும் திரும்பி வந்து அதைப் பார்த்துக்கொள்ளலாம். காது கேளாதவர்க்கும், மொழி தெரியாதவர்க்கும், பேசக் கூச்சப்படுபவர்க்கும் அது உதவுகிறது.

‘ஃபைனல் ஃபேண்டஸி 14’ என்ற விளையாட்டில் 2022இல் இன்னொரு வசதியைப் பெருக்கினார்கள். கதையை ஒட்டிய குழுப் போர்களில் பலவற்றை, கணினியே இயக்கும் துணைவர்களோடு தனியாக ஆடலாம். பிழை செய்தால் ஏசுவதற்கு ஆள் இல்லை! பழகிய பிறகு மனிதரோடு ஆடலாம். வெட்கமின்றித் தவறு செய்ய ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை, பதினோர் இரவுகள் தம்பியைப் பலர் முன் ஏசிய நான் சொல்லாமல் யார் சொல்வது?

இத்தகைய வசதிகளைத் தொகுத்து, விளையாட்டு அமைப்பவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து 2012இல் சில நெறிமுறைகளை வெளியிட்டார்கள். யாரும் இணையத்தில் படிக்கலாம். அவற்றுள் பல மிக எளியவை. இப்போது செய்ய வேண்டியது என்ன என்பதை ஆட்டத்தின் நடுவிலேயே நினைவூட்டுக. எழுத்தை அவரவர் வேகத்தில் படித்து நகர்த்த விடுக. பேச்சு, இசை, ஓசை மூன்றையும் தனித்தனியே குறைக்க வழி செய்க. பின்னணியில் அசைபவற்றை நிறுத்தி வைக்க இடம் கொடுக்க. தோல்வி இன்றிப் பயிலும் இடம் ஒன்று வைக்க. இவற்றில் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டா. ஆடுபவன் ஒருவனை மனக்கண்ணில் நிறுத்தி எண்ணிப் பார்த்தால் போதும்.

இங்கே ஒரு தடை எழும். எங்கள் குழுவிலேயே எழுந்தது. “எல்லாவற்றையும் எளிதாக்கிவிட்டால் ஆட்டத்தில் என்ன சுவை?” நல்ல கேள்வி. நம் கபடியைப் பாருங்கள். களத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறோம். கோடு போட்டதால் கபடி எளிதாகிவிட்டதா? கோடு எங்கே இருக்கிறது என்பதை நினைவில் வைத்திருப்பதா வீரம்? ஆறேழு பேர் பிடியிலிருந்து திமிறி அந்தக் கோட்டைத் தொடுவதுதானே வீரம்! கிரிக்கெட்டில் எத்தனை ஓவர் ஆயிற்று என்று பலகையில் எழுதிக் காட்டுகிறோம். மட்டையாளன் மனக்கணக்குப் போடட்டும் என்று விடுவதில்லை. ஓர் ஆட்டத்தின் உயிரான கடினம் வேறு. அதைச் சூழ்ந்த முட்புதர் வேறு. அமைப்பவன் முதலில் செய்ய வேண்டியது, தன் ஆட்டத்தில் எது உயிர், எது புதர் என்று பிரித்தறிவது. எங்கள் அரக்கனிடம் உயிரான கடினம், ஐந்து நொடிக்குள் தூணை அடைவது. ஏழு குரல்களுக்கு நடுவே நிறத்தைத் தேடுவது வெறும் புதர். அதில் பாதியை விளையாட்டு வளர்த்தது. மீதியை நான் வளர்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்பிக்கு உள்ளே வருவதை விட வெளியே போவது கடினமாக இருந்தது. நாள்தோறும் வந்தால் பரிசு. ஒருநாள் தவறினால் சேர்த்ததெல்லாம் போயிற்று. இன்னும் இரண்டு மணி நேரத்தில் வாய்ப்பு முடிகிறது, விரைந்து வா. இத்தகைய தூண்டில்களை வீசிவிட்டு, ‘கவனம் குறைந்தவர்க்கும் வசதி செய்தோம்’ என்று ஒரு நிறுவனம் சொல்லுமாயின் அது போலி. கட்டணம் கட்டும் நாளைத் தம்பி மறந்தது உண்மை. ஆனால் அந்த நாட்களில் விளையாட்டின் பரிசு நேரத்தை அவன் கைப்பேசி ஒருமுறையும் மறக்க விடவில்லை!

இதிலும் நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. முன் சொன்ன வார்கிராஃப்ட் விளையாட்டைச் சோதித்துப் பார்த்த காலத்தில், நெடுநேரம் ஆடினால் கிடைக்கும் புள்ளி பாதியாகும் என்று விதி வைத்தார்கள். ஆடியவர்கள் சினந்தார்கள். அமைத்தவர்கள் கணக்கை மாற்றவில்லை, சொல்லை மாற்றினார்கள். பாதியை ‘இயல்பு’ என்றார்கள். முழுமையை ‘ஓய்வெடுத்து வந்தவர்க்கு இரு மடங்கு’ என்றார்கள். எல்லாரும் மகிழ்ந்தார்கள். தண்டனையாகத் தோன்றியது வெகுமதியாயிற்று. போய் ஓய்வெடுத்து வா, உன் இடம் உனக்காக இருக்கும் என்று ஒரு விளையாட்டு சொல்ல முடியும் என்பதற்கு இதுவே சான்று.

விளையாட்டையே மருந்தாக்கவும் முயன்றிருக்கிறார்கள். இந்தக் குறைபாடுடைய எட்டு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்காக, ‘எண்டெவர் ஆர்எக்ஸ்’ என்ற விளையாட்டை மருத்துவர் எழுதிக் கொடுக்க 2020இல் அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை அனுமதித்தது. அது நன்று. ஆயினும் தம்பி என்னிடம் மருந்து கேட்கவில்லை. எல்லாரும் ஆடும் களத்தில் தனக்கும் ஓர் இடம் கேட்டான்.

மார்ச்சு மாதத்தில் அவன் அறைக்கு நடந்தே போனேன். பொத்தானை அழுத்தி அல்ல. மன்னிப்புக் கேட்டேன். குழுவுக்குத் திரும்பி வர வேண்டினேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மூன்று நிபந்தனைகள் சொன்னான். போரின்போது ஒருவர் மட்டுமே பேச வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் செய்ய வேண்டியதை மூன்று வரியில் எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். இரண்டு முறை தோற்றால் பத்து நிமிடம் எழுந்து நடக்க வேண்டும். நான்காவதாக, பத்து மணிக்கு ஆட்டத்தை முடித்தே தீர வேண்டும் என்பதை நான் சேர்த்தேன். அவன் இசையை நிறுத்திவிட்டு, ஓடும் எழுத்தை மறைத்துவிட்டு வந்தான். அதற்கான வசதி விளையாட்டின் ஏழாவது பக்கத்துப் பட்டியலுக்குள் ஒளிந்திருந்தது. கண்டுபிடிக்கவே அரைமணி ஆயிற்று. கவனம் சிதறுபவர்க்கான வசதியை அவர்களே தேட முடியாத இடத்தில் வைத்திருக்கும் அழகை என்னென்பது!

அன்று நாங்கள் வென்றோமா? இல்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் புதுச்சேரித் தோழர் மெல்லச் சொன்னார்: “எனக்கும் அந்தச் சத்தத்தில் ஒன்றும் புரிந்ததில்லை. சொன்னால் என்னையும் நீக்கிவிடுவீர்கள் என்று பேசாமல் இருந்தேன்.” இன்னொருவரும் தலையசைத்தார். ஒருவனுக்காகச் செய்தது மூவருக்கு உதவிற்று. ஏப்ரலில் ஓர் இரவு அரக்கன் வீழ்ந்தான். அதற்கு முந்தைய ஆட்டத்தில் தவறான தூணுக்குப் போய் எண்மரையும் கொன்றவன் யார் என்று கேட்காதீர்கள். குழுத் தலைவனுக்கும் மானம் உண்டு. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. “எழுந்து பத்து நிமிடம் நடங்கள் அண்ணே” என்றான்.

தோழர்களே, தம்பிக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். சிகிச்சை நடக்கிறது. சாவி இன்னும் தொலைகிறது. அவனுக்குப் பொருந்தியது மற்றொருவருக்குப் பொருந்தாமலும் போகலாம். இசை இருந்தால்தான் மனம் நிற்கும் என்பவரும் உண்டு. அதனால்தான் ஒரே வழியை எல்லார் மேலும் சுமத்தாமல், மாற்றிக்கொள்ளும் உரிமையை ஆடுபவன் கையில் கொடுக்க வேண்டும் என்கிறேன். நம்மில் பலர் நாளை பெங்களூரிலும் ஐதராபாத்திலும் அமர்ந்து, முகம் தெரியாத இலட்சம் பேர் ஆடும் களங்களை அமைக்கப் போகிறோம். அந்த இலட்சத்தில் தம்பிகள் பலர் இருப்பர். அவர்களை நீக்கும் பொத்தானை அமைப்பது மிக எளிது. அதை நான் அறிவேன்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் தம்பியிடம் காட்டி இசைவு பெற்றேன். பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டான்: “மூன்று வரியில் சொல்லக்கூடாதா அண்ணே?”

சொல்கிறேன்.

ஆட்டத்தின் கடினத்தை விட்டுவை, புதரை வெட்டு.
மறந்தவன் திரும்பி வந்து பார்க்கக் குறி ஒன்று வை. ஓய்வெடுக்கப் போனவனுக்கு இடத்தை வை.
அலட்சியம் என்று எழுதுமுன், மூன்று அறை நடந்து போய்க் கேள்.